வயிற்றில் அடிபட்ட பிள்ளைக்கு ஒரு சீட்டு: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பென்ஷன் பாக்கிக்காகவோ சங்கக் கோரிக்கைக்காகவோ இதை எழுதவில்லை. ஒரு சீட்டு வேண்டும், ஒரு கேள்வி வேண்டும், அவ்வளவுதான். வயிற்றில் அடிபட்டு வந்த பிள்ளையைப் பரிசோதித்து, "பயப்பட ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பும்போது, கூட வந்தவர் கையில் தமிழில் அச்சடித்த சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வாந்தியும் வயிற்றுவலியுமாக எந்தப் பிள்ளை வந்தாலும், "இதற்கு முன்னால் எப்போதாவது வயிற்றில் அடிபட்டதா?" என்று கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். இவ்வளவு சின்ன விஷயத்துக்குச் செயலாளருக்கே மடலா என்று தோன்றலாம். சுற்றறிக்கை வராமல் எந்த வார்டிலும் எதுவும் மாறாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வயிற்று அடி என்றதும் லாரி, பஸ், நான்குவழிச் சாலை என்றுதான் நினைப்போம். அப்படி அடிபட்டு வரும் பிள்ளையை யாரும் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. ஸ்கேன், ரத்தம், சர்ஜன் என்று கேஷுவாலிட்டியே எழுந்து ஓடும். நான் சொல்ல வருவது சத்தமில்லாத அடியைப் பற்றி. அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளைத் தம்பி எடுத்துக்கொண்டு போவான். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. தாத்தாவின் பழைய பார் வண்டி என்றால் குரங்குப் பெடல். மணலிலோ ஜல்லியிலோ முன்சக்கரம் சட்டென்று திரும்பிக்கொள்ளும். ஹேண்டில்பாரின் ஒரு முனை வயிற்றைப் பார்த்து நிற்கும். பையன் அதன்மேல் விழுவான். வேகமே இருக்காது, நின்ற இடத்தில் சாய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனாலும் உடம்பின் எடை முழுவதும் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள குழாய் முனை வழியாக வயிற்றுக்குள் இறங்கிவிடுகிறது. கிரிப் கிழிந்து இரும்பு வெளியே தெரிகிற வண்டி என்றால் தொப்புளுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு தடம் விழும். பல நேரம் அதுவும் விழாது. மாடு முட்டியது, மாமரக் கிளையில் வயிறு பட விழுந்தது, ஊஞ்சல் பலகை இடித்தது, பையன்கள் சண்டையில் வாங்கிய உதை எல்லாமே இந்த வகைதான். இதில் இன்னொரு சிக்கல், பாதிப் பிள்ளைகள் விழுந்ததை வீட்டில் சொல்வதே இல்லை. சைக்கிளைக் கேட்காமல் எடுத்தவன் எப்படிச் சொல்வான்?

பிள்ளைகளுக்கு வயிற்றுத் தசை மெலிது, கொழுப்பு குறைவு. விலா எலும்பு ஒடியாமல் வளைந்துகொடுத்து அடியை உள்ளே அனுப்பிவிடும். முன்னால் ஹேண்டில்பார், பின்னால் முதுகெலும்பு, நடுவில் குடல். அந்த நசுக்கலில் கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ கிழியலாம். குடலே ஓட்டையாகலாம், அப்படி ஆனால் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சலும் வயிற்று வீக்கமுமாகத் தெரிந்துவிடும். முன்சிறுகுடலின் சுவருக்குள் ரத்தம் கட்டி வழியை அடைத்தால் வாந்தி காட்டிக்கொடுக்கும். குடலைத் தாங்குகிற சவ்வு மட்டும் கிழிந்திருந்தால்தான் சிக்கல். அது பல நேரம் வாயே திறக்காது.

அந்தச் சவ்வுக்கு மெசென்ட்ரி என்று பெயர். புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகும் இடம் ஒரு சாண்கூட இருக்காது, கீழே ஓரத்தைப் பிரித்து நீட்டினால் முழக்கணக்கில் போகும். வளர்ந்த ஆளுக்கு மெசென்ட்ரி முதுகுப் பக்கம் ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதி சுமார் 15 சென்டிமீட்டர்தான். அதன் விரிந்த ஓரத்தில் தொங்குகிற சிறுகுடல் சுமார் 6 மீட்டர். பிள்ளைகளுக்கு அளவு சிறிது, அமைப்பு அதேதான். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்த மடிப்புகளுக்குள்தான் ஓடுகின்றன. அடிபட்டு அதில் ஓர் ஓட்டை விழுந்தால், கொஞ்சம் ரத்தம் கசிந்து நின்றுவிடலாம். பிள்ளைக்கு இரண்டு நாள் வலி, அப்புறம் பள்ளிக்கூடம். ஓட்டை அப்படியே இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் குடலின் ஒரு வளையம் அதற்குள் நுழையும். சில முறை தானாகவே வெளியே வந்தும் விடும். அப்போதெல்லாம் வலி வந்து போகும், "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்" என்று திட்டும் விழும். வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டால் அது உள் ஹெர்னியா. கையால் தடவிப் பார்க்க வெளியே புடைப்பு எதுவும் இருக்காது. மாட்டிய வளையம் சுற்றிக்கொண்டால் குடல் முறுக்கு.

ஓட்டையே இல்லாமலும் முறுக்கு வரலாம். காயம் ஆறும்போது உள்ளே நார் போல ஒரு திசு உருவாகி, குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே கயிறு கட்டினாற்போல நிற்கும். குடல் அதைச் சுற்றிக்கொள்ளும். அடிபட்டதற்காக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த பிள்ளைகளுக்கும் இந்த நார் உண்டாகிறது. அவர்களுக்கு அடைப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வரும், அதற்குப் பிறகும் வரலாம்.

முறுக்கு விழுந்துவிட்டால் நேரம் அதிகம் கிடையாது. ரத்தம் திரும்பிப் போகிற சிரைகள் முதலில் அடைபடும். குடல் வீங்கும், வீங்க வீங்க முறுக்கு இறுகும், பிறகு தமனியும் நின்றுவிடும். ரத்தம் முழுக்க நின்றுபோனால் ஆறு மணி நேர வாக்கில் குடல் கைவிட்டுப் போக ஆரம்பித்துவிடும். அடிபட்ட நாளுக்கும் இந்த நாளுக்கும் நடுவே வாரங்கள் இருக்கலாம், மாதங்கள் இருக்கலாம், சில பிள்ளைகளுக்கு ஆண்டுகள்கூட இருக்கலாம். இடைவெளி அத்தனை நீளம் என்பதால்தான் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

இப்போது பச்சை வாந்தி விஷயத்துக்கு வருகிறேன். பித்தநீர் குடலில் வந்து சேருகிற இடத்துக்குக் கீழே வழி அடைபட்டால், வாந்தி பச்சையாக வரும். பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை குடலடைப்பு என்றே வைத்துக்கொள் என்பது எங்கள் வார்டில் புதிதாகச் சேரும் செவிலியருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். அதே பச்சையை நம் வீடுகளில் பித்தம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். "பித்தம் ஏறிடுச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடு, சுக்கு தட்டிப் போடு." பாட்டி சொல்வதில் தப்பில்லை, வருவது பித்தம்தான். கீழே போக வேண்டியது ஏன் மேலே வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது குடலேற்றம். பிள்ளை எங்காவது விழுந்து அப்புறம் வயிறு வலிக்கிறது என்றால், "குடல் ஏறிடுச்சு" என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிட ஊரில் ஓர் ஆள் இருப்பார். முறுக்கிக்கொண்டு ரத்தம் நின்ற குடலை வெளியிலிருந்து நீவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆள் முதலில் கேட்பது, "எங்கயாச்சும் விழுந்தானா?" என்பதைத்தான். விழுந்ததையும் வயிற்றுவலியையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் ஊரில் இருக்கிறது. நம் கேஷுவாலிட்டியில்தான் இல்லை.

கேஷுவாலிட்டியில் இருப்பவர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு சிஸ்டர், வெளியே பாம்புக்கடி, விஷம் குடித்தவர், பைக் விபத்து என்று வரிசை. அதற்கு நடுவில் வாந்தி எடுக்கிற பிள்ளை வந்தால், "என்ன சாப்பிட்டான்?" என்ற கேள்விதான் வாயில் வரும். அந்தப் பிள்ளையின் வயிறும் ஏமாற்றும். ஆரம்பத்தில் வயிறு மெத்தென்றுதான் இருக்கும், பிள்ளை துடிக்கிற துடிப்புக்கும் கை வைத்துப் பார்ப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. வலி விட்டதும் எழுந்து உட்கார்ந்து விளையாடுவான். அடைப்புக்குக் கீழே இருந்த மலம் ஒரு முறை போகும், "மோஷன் போயிட்டானே, அப்போ அடைப்பு இல்லை" என்று எழுதிவிடுவோம். எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கலாம். அல்ட்ராசவுண்டில் தெரியாமல் போகலாம். சிடி எடுத்தால் குடலும் ரத்தக்குழாயும் சுழி போலச் சுற்றியிருப்பது பல நேரம் தெரியும், ஆனால் எல்லா நேரமும் தெரியும் என்று சொல்ல முடியாது. பிரஷரை நம்பவே கூடாது. பிள்ளைகளுக்கு அது கடைசி நிமிடம்வரை நன்றாகவே காட்டும், நாடித் துடிப்புதான் முன்னாலேயே ஓடத் தொடங்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், எட்டு வயது இருக்கும். சைக்கிளில் விழுந்து, வயிற்றில் வட்டத் தடத்தோடு ஓரிடத்தில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டுக்கொண்டு அன்று மாலையே வீட்டுக்குப் போனவன். சில வாரம் கழித்து ஒரு நாள் ராத்திரி வலி, வாந்தி. எலுமிச்சம்பழம் ஆயிற்று, நீவிவிட்டும் ஆயிற்று. காலையில் பக்கத்து டவுனில் ஃபுட் பாய்சன் என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவன் அம்மா ஒரு கேரி பேக்கில் துண்டு ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். "என்ன கலர்ல எடுத்தான்னு கேட்டா காட்டலாம்னு கொண்டாந்தேன் சிஸ்டர்" என்றார். வருகிற வழியில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. காய்ந்த பிறகும் அந்தத் துண்டில் பச்சை போகவில்லை. மூக்கு வழியாக இரைப்பைக்குள் விடுகிற ரைல்ஸ் டியூப் போட்டதும் கிட்னி டிரேயில் அதே பச்சை இறங்கியது. ஆள் பற்றாக்குறையில் அன்று தியேட்டருக்கும் நானே போனேன். மெசென்ட்ரியில் இரண்டு விரல் நுழைகிற ஓட்டை. புதுசு இல்லை, ஓரமெல்லாம் தடித்து ஆறிப்போனது. அதற்குள் போன குடல் சுற்றிக்கொண்டு கறுத்திருந்தது. முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் மூடி, நிறம் திரும்புகிறதா என்று எல்லோரும் நின்றோம். கொஞ்சம் திரும்பியது. திரும்பாததை வெட்டி எடுத்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் குடல் குறைந்துபோன பிள்ளைக்கு எடை ஏறுவதே பெரும்பாடு. மாதக்கணக்கில் பேதி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. அந்த அம்மாவிடம் முதல் நாளிலேயே யாராவது ஒரு தாளைக் கொடுத்திருந்தால், துண்டைச் சுருட்டி எடுத்து வந்தவர், தாளையா தொலைத்திருப்பார்?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய திட்டம். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த மாநிலத்துக்காரர், என்ன வருமானம் என்ற கேள்வியே கிடையாது. ஆனால் நான் சொல்கிற குடல் 48 மணி நேரத்துக்குள் எதையும் காட்டாது. அதற்குப் பிறகான சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, சரி. பிள்ளையைத் திரும்பக் கூட்டிவரச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? இப்போதைக்கு ஓ.பி. சீட்டின் மூலையில் ஆங்கிலத்தில் கிறுக்கிய இரண்டு வார்த்தைதான். அதைப் படிக்க மெடிக்கல் ஷாப்காரர்தான் வேண்டும்.

முதல் நாள் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் அடிபட்டு வந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2013இல் ஒரு விதிமுறையை வெளியிட்டார்கள். மொத்தம் ஏழே விஷயம். வயிற்றுத் தோலில் காயமோ சீட் பெல்ட் தடமோ இருக்கிறதா, நினைவு மங்கியிருக்கிறதா, தொட்டால் வயிறு வலிக்கிறதா, மார்புக் கூட்டில் காயம் உண்டா, வயிறு வலிக்கிறது என்று பிள்ளையே சொல்கிறதா, மூச்சுச் சத்தம் ஒரு பக்கம் குறைந்திருக்கிறதா, வாந்தி எடுத்ததா. ஏழும் இல்லையென்றால் உடனே சிகிச்சை தேவைப்படுகிற வயிற்றுக் காயம் இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு, சிடி எடுத்துக் கதிர்வீச்சைப் பிள்ளைமேல் பாய்ச்ச வேண்டியதில்லை. எனக்கு இதில் பிடித்தது, ஏழுக்கும் கண், காது, கை போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். இந்த ஏழு கேள்விகளையும் சுவரில் ஒட்டி வையுங்கள், ஆனால் இது அன்றைய காயத்துக்கான விதி. பிறகு வருகிற முறுக்கை அன்றைக்கே எந்த விதியும் எந்த மெஷினும் சொல்லிவிடாது. அதனால்தான் சீட்டு.

சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று நானே எழுதிப் பார்த்தேன். உங்கள் நிபுணர்கள் திருத்தட்டும்.

"உங்கள் பிள்ளைக்கு ......... தேதியில் வயிற்றில் அடிபட்டது. இப்போது பயப்படும்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, வயிறு வலி விட்டு விட்டு வந்தாலோ, வயிறு வீங்கினாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, பிள்ளை துவண்டு படுத்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். அது நாளைக்கே ஆனாலும் சரி, அடுத்த வருடம் ஆனாலும் சரி. வருகிற வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தர வேண்டாம். வயிற்றை நீவ வேண்டாம். எனிமா, பேதி மருந்து வேண்டாம். வந்ததும் முதலில் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்."

இவ்வளவுதான். இதைப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொல்லும்.

சீட்டோடு வருகிற பிள்ளையை என்ன செய்வது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கென்றே அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் இருப்பது சென்னை எழும்பூர், மதுரை, கோவை போன்ற பெரிய மருத்துவமனைகளில். தாலுகா மருத்துவமனையில் பச்சை வாந்தியோடு ஒரு பிள்ளை வந்தால், "காலையில் ஸ்கேன் டாக்டர் வரட்டும்" என்று படுக்கவைக்காமல், ரைல்ஸ் டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, 108இல் அனுப்பிவிட வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் பெரிய மருத்துவமனையின் டியூட்டி சர்ஜனுக்கு ஒரு போன். இந்தப் போன் பல நேரம் நடப்பதில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்ற பிறகுதான் தியேட்டர் காலியா என்று தேடுகிறோம். ஆறு மணி நேரக் கணக்கில் இரண்டு மணி நேரம் அங்கேயே போய்விடுகிறது.

அடிபட்ட அன்றே வயிற்றைத் திறக்க நேர்ந்தால், மெசென்ட்ரியில் கிழிசல் இருக்கிறதா என்று தேடித் தைப்பது சர்ஜன்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. தைத்ததை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் போதும். பிறகு வேறு ஊரில் அந்தப் பிள்ளையைப் பார்க்கப்போகிறவருக்கு அது பெரிய உதவி.

எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் அடி சைக்கிளில் கிடைப்பதில்லை. சில பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. அடித்தே கொல்லப்படுகிற குழந்தைகளில் தலைக் காயத்துக்கு அடுத்தபடியாக உயிரைப் பறிப்பது வயிற்றுக் காயம்தான். குடித்துவிட்டு வந்து உதைத்த அப்பா பக்கத்தில் நிற்கும்போது பிள்ளை என்ன சொல்லும்? "படியில விழுந்தேன்" என்றுதான் சொல்லும். அதனால் நான் கேட்கிற அந்த ஒரு கேள்வியைப் பிள்ளையிடம் தனியாக ஒரு முறை கேட்க வேண்டும். திரைக்குப் பின்னால், ஊசி போடுகிற சாக்கில், ஒரு சிஸ்டர் கேட்டால் போதும். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

சீட்டு அச்சடிக்கத் தனி நிதி வேண்டும் என்று யாராவது கோப்பில் குறிப்பு எழுதக்கூடும். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, அதிலேயே அடித்துவிடலாம். தேதியை நாங்கள் பேனாவால் எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்

பின்குறிப்பு: இது உங்கள் துறையின் வேலை இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு தருகிற விலையில்லா மிதிவண்டியை வீட்டில் எல்லா வயதுப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள். கொடுக்கும்போது கிரிப் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வருடத்தில் முனை கிழிந்து இரும்பு வெளியே வந்துவிடுகிறது, யாரும் மாற்றுவதில்லை. முனை மூடிய கெட்டியான கிரிப்பாகக் கேட்டு வாங்கலாம், வண்டியோடு இன்னொரு ஜோடியும் கொடுக்கலாம். மிதிவண்டி வாங்குகிற துறையின் செயலாளரைக் கூட்டத்தில் எங்காவது பார்த்தால் சொல்லிவையுங்கள்.